வாளியக்காவின் ஏழு தெரு

வாளியக்காவுக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டபோது வயது நாற்பத்தாறு. அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் அவள் வெறும் 'பதிவேட்டம்மா'. காலை ஆறு மணிக்கு மர மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற துப்புரவுத் தொழிலாளர்களின் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவாள். வராதவர்களுக்கு ஒரு வட்டம். அவ்வளவுதான் வேலை.

மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு கிடைத்த அதே மாதம் மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. இனி வீட்டிலேயே குப்பையைப் பிரித்துத் தர வேண்டும். மக்குவது பச்சை வாளியில், மக்காதது நீல வாளியில். சோதனை முறையில் முதலில் ஒரே ஒரு வட்டம். அந்த வட்டம் அவளுடையது. ஏழு தெரு, அறுநூற்றுச் சொச்சம் வீடு. அவள் குடியிருந்ததும் அதில் நாலாவது தெருவில்தான்.

ஆணையின் நகலை வாங்கிப் படித்துப் பார்த்த அவள் கணவர், "சோதனை யாருக்குன்னு தெளிவாப் போடலையே" என்றார். அவர் பஸ் கண்டக்டர். எதையும் ஒரு வாக்கியத்தில் கிழித்துக் கொடுத்துப் பழகியவர்.

வாளிகள் வந்து இறங்கின. ஒரு கையில் பச்சை, ஒரு கையில் நீலம் என்று தூக்கிக்கொண்டு மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். காய்த்தோல் இதில், பால் கவர் அதில், கவரைக் கழுவிப் போடணும், முட்டை ஓடு இதில், மாத்திரை அட்டை அதில். சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் "ரெண்டு வாளியக்கா வர்றாங்க" என்று உள்ளே குரல் போகும். நாளாக ஆக அந்த 'ரெண்டு' தேய்ந்து உதிர்ந்தது. வாளியக்கா மட்டும் நின்றது.

ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தாள். ஒரு வீட்டில் பச்சை வாளியில் அரிசி இருந்தது. இன்னொரு வீட்டில் நீல வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது. இரண்டாவது தெருத் தையல்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு மெத்தை தைத்து, வாடிக்கையாளர்கள் உட்கார வைத்திருந்தார். "நல்ல வாளிக்கா, குப்பை போட மனசு வரல" என்றார்.

ஒழுங்காகப் பிரித்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் முதல் ஆள், ஐந்தாவது தெருவில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு நாள் காலை லாரி வந்து நின்றபோது அவர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார். பச்சை வாளி லாரிக்குள் கவிழ்ந்தது. அதே இடத்தில் நீல வாளியும் கவிழ்ந்தது. பின்னாலேயே நடந்து வந்த வாளியக்காவை அவர் நிறுத்தினார்.

"உங்க லாரியில எத்தனை பெட்டிம்மா?"

"ஒண்ணுதான் சார்."

"நான் வகுத்துக் கொடுக்கறேன். நீங்க கூட்டி எடுத்துட்டுப் போறீங்க. இது எந்தக் கணக்கு?"

மறுநாளிலிருந்து வாத்தியாரும் ஒரே பையில் கட்டிக் கொடுத்தார். வாத்தியாரே கைவிட்டது தெரிந்ததும் ஐந்தாவது தெரு மொத்தமும் கைவிட்டது.

லாரி டிரைவரைக் கேட்டாள். அவன் கெட்டவன் இல்லை. நடுவில் ஒரு பலகை வைத்துத் தடுக்கலாமே என்று அவள் சொன்னதற்குப் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகவே பதில் சொன்னான். "அக்கா, நீங்க குப்பைன்னு நினைக்கறீங்க. எங்க முதலாளிக்கு அது எடை. டன்னுக்கு இவ்வளவுன்னுதான் அவருக்கு நகராட்சி கொடுக்குது. பலகை வெச்சா இடம் அடைக்கும், எடை குறையும். நீங்க நாளைக்கு எடைமேடைக்கு வந்து பாருங்க."

போய்ப் பார்த்தாள். குப்பைக் கிடங்குக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாலம். அங்கே லாரிகள் வரிசையாக நின்று, குழாயில் தண்ணீர் பிடித்துக் குப்பை மேல் பீய்ச்சிவிட்டு எடைமேடைக்குப் போயின. ஒரு லாரியில் கட்டட மண்ணையே வாரிப் போட்டிருந்தார்கள். குப்பை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு வரும்படி. அதைக் குறைக்கச் சொல்லி ஒரு பொம்பளை இரண்டு வாளியோடு ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அழுகையை விட அது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சுகாதார ஆபீசரிடம் சொன்னாள். பொறுமையாகக் கேட்கிற மனிதர்தான்.

"பிரிக்காதவங்களுக்கு அபராதம் போடுங்கம்மா. ரெண்டு பேருக்குப் போட்டா இருநூறு பேர் திருந்துவாங்க."

"லாரியே கலக்குதே சார். அதுக்கு யாருக்கு அபராதம்?"

"அது டெண்டர்ல இருக்கறது. டெண்டர் இன்னும் நாலு வருஷம். அதை நான் தொட முடியாது." சொல்லிவிட்டு மேசை மேலிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து வேறு காகிதத்தின் மேல் வைத்தார்.

ரசீதுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். மாடி வீட்டுக்காரர்கள் அபராதம் என்றதும் யார் யாருக்கோ போன் போட்டார்கள். போன் போட ஆள் இல்லாத தையல்காரர் மட்டும் ஒன்றும் பேசாமல் கட்டினார். அதற்குப் பிறகு அவர் கடையிலிருந்து குப்பையே வரவில்லை. அவர் மட்டுமா, இரண்டாவது தெருவில் பாதிப் பேரிடமிருந்து வரவில்லை. ஆறாவது தெருவில் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் புதிதாக ஒரு மேடு முளைத்தது. அபராதம் குப்பையை எங்கே ஒளிக்கலாம் என்று கற்றுக் கொடுத்தது, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ரசீதுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பூட்டும்போதுதான் உள்ளே ஆணியில் தொங்கிய பழைய சாவிகள் கண்ணில் பட்டன. அதில் ஒன்று மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருந்த பழைய மோட்டார் அறையினுடையது. மோட்டார் போய்ப் பத்து வருஷம். சுற்றிலும் வேலி போட்ட காலி இடம். அங்கே போய் நின்று பார்த்தவளுக்கு ஒரு யோசனை பிறந்தது. லாரியைத் திருத்த முடியாது, சரி. ஈரக் குப்பை லாரியிலேயே ஏறாவிட்டால்? தொழிலாளர்கள் தெருவில் தள்ளுகிற வண்டிகளில் நாலு டிரம் உண்டு. இரண்டு ஈரத்துக்கு, இரண்டு காய்ந்ததுக்கு. ஈரத்தை இங்கே கொண்டு வந்து மக்க வைத்தால், டிரைவருக்குக் கலக்க ஒன்றும் இருக்காது.

மறுநாள் ஒன்பது தொழிலாளர்களையும் அந்த அறைக்குக் கூட்டிப் போய்ச் சொன்னாள். எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பேசியது சிட்டு. குள்ளமாக, தத்தித் தத்தி வேகமாக நடப்பதால் அந்தப் பெயர். முப்பது வயதிருக்கும்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதைச் செஞ்சா எங்களுக்கு வேலை ரெண்டு மடங்கு. உங்களுக்கு மேல இருந்து சபாஷ் வரும். எங்களுக்கு என்ன வரும்?"

வாளியக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் சிட்டு கேட்டது நியாயம். இதுவரை அவர்கள் பைகளைக் கிழித்துப் பாட்டிலும் அட்டையும் பொறுக்கிப் பழைய பேப்பர் கடையில் போட்டு, பிள்ளைகளுக்கு நோட்டோ செருப்போ வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிரித்த சரக்கு அப்படியே கான்ட்ராக்டர் லாரிக்குப் போனால் அதுவும் போகும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்.

"காய்ஞ்ச சரக்கு முழுக்க உங்களுது. இங்கேயே தரம் பிரிச்சு விக்கலாம். ஒன்பது பங்கு. எனக்கு அதுல ஒரு பாட்டில் மூடி கூட வேண்டாம்."

"ஆர்டர் இருக்காக்கா?"

"ஆர்டர் இல்லை. நான் இருக்கேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. இடிந்த சுவர்ச் செங்கல்லைப் பொறுக்கி, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி ஐந்து தொட்டி கட்டினார்கள். ஒரு அடுக்கு ஈரக் குப்பை, ஒரு அடுக்கு சருகு. முதல் பத்து நாள் நாற்றம் குடலைப் பிடுங்கியது. தொட்டிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். சருகு போதவில்லை என்று பிறகுதான் புரிந்தது. சரியாகப் போட ஆரம்பித்ததும் நாற்றம் அடங்கியது. நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகி வைத்து, காலையில் உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். கம்பி சுட்டால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். முதன்முதலில் கம்பி சுட்ட அன்று சிட்டு எல்லார் உள்ளங்கையிலும் அதை வைத்து வைத்து எடுத்தாள்.

வீடுகளைத் திரும்ப வழிக்குக் கொண்டு வந்தது ஒரு கரும்பலகை. மூடிப்போன பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வாங்கி, ஏழு துண்டாக அறுத்து, ஒவ்வொரு தெரு முனையிலும் ஒன்று மாட்டினாள். வண்டி போய் வந்ததும் அந்தத் தெருவுக்கு அன்றைய மார்க்கு, பத்துக்கு எத்தனை என்று சாக்பீஸால் எழுதுவாள். வீட்டுக்கு இல்லை, தெருவுக்கு. மாதக் கடைசியில் யார் மேலே இருக்கிறார்களோ அவர்களுக்கு முதல் உரமூட்டைகள்.

உரத்தை யாரும் அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. மார்க்குதான் ஆட்களைப் பிடித்துக்கொண்டது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெரு போர்டைப் பார்க்கப் போனார்கள். மூன்றாவது தெருப் பெண்கள் நாலு பேர் வந்து, "அஞ்சாவது தெருவுக்கு ஒன்பது, எங்களுக்கு ஏழா? நாங்க பால் கவரைச் சோப்புப் போட்டுக் கழுவறோம்" என்று நியாயம் கேட்டார்கள். கணக்கு வாத்தியார் ஒரு நாள் ஏழு மார்க்கை ஏழரையாகத் திருத்தச் சொல்லி அரை மணி நேரம் வாதாடினார். தையல்காரர் நீல வாளியின் மெத்தையைக் கழற்றிவிட்டு, வெட்டுத் துணியைத் தனியாகக் கட்டிக் கொடுத்தார்.

ஊர் திருந்தியது, வீடு திருந்தவில்லை. கண்டக்டருக்கு இந்தப் பிரிக்கிற வேலையே பிடிக்கவில்லை.

"நாள் பூரா நின்னுக்கிட்டே கிழிச்சுக் கிழிச்சுக் கொடுத்துட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தும் பிரிச்சுப் பிரிச்சுப் போடணுமா?"

"ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றேங்க. என் வீட்டைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா?"

"அதுக்குத்தான் நீ பின்னாலேயே பிரிச்சுடறியே."

அது உண்மை. அவர் எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவார். அவள் வாயைத் திறக்காமல் எடுத்துப் பிரிப்பாள். ஊருக்கு உபதேசம் என்று மனசு குத்தும். ஆனாலும் பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் சண்டை போட வேண்டிய விஷயங்கள் எவை, விட்டுவிட வேண்டியவை எவை என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. இதை விட்டுவிடலாம் என்ற பக்கத்தில் வைத்திருந்தாள்.

பயிற்சி வகுப்பு என்று இரண்டு நாள் வெளியூர் போனாள். திரும்பி வந்து மோட்டார் அறைக்குள் நுழைந்தபோது சிமெண்டுத் தரையில் ரத்தம். காய்ந்த சரக்குப் பை ஒன்றுக்குள் கைவிட்ட சிட்டுவின் உள்ளங்கையைச் சவர பிளேடு ஒன்று குறுக்காகக் கிழித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ஏழு தையல்.

பை அப்படியே தரையில் கிடந்தது. வாழைப்பழத் தோல், டீத்தூள், அதற்கு நடுவே டிக்கெட் புத்தகத்தின் அடிக்கட்டைகள் நாலைந்து. டிப்போ முத்திரையோடு. மற்ற எட்டுப் பேரும் அதைப் பார்த்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் விளக்குமாற்றை எடுத்து அந்த அடிக்கட்டைகளைச் சருகுக்குள் தள்ளப் போனாள். வாளியக்கா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"இருக்கட்டும். எனக்கு அது வேணும்."

நாலாவது தெரு முனைக்குப் போய், போர்டைத் துடைத்து, பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள்.

மத்தியானம் வேலை முடிந்து வந்த கண்டக்டர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "நம்ம தெருவுக்கு முட்டை போட்டிருக்கியே. யாரு அந்தப் புண்ணியவான்?"

அவள் அடிக்கட்டையை எடுத்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிட்டுவின் கையைப் பற்றிச் சொன்னாள். அவர் கை கழுவிய ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டைத் தொடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணு வீடு எங்க?" என்றார்.

சிட்டுவின் வீடு ஒற்றை அறை. அவள் சுவரில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அவிழ்ந்த ரெட்டைச் சடையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் உள்ளே போகாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"நான்தாம்மா அந்த பிளேடு" என்றார்.

"தெரியும்ண்ணே. அந்த டிக்கெட்டை நாங்களும்தானே வாங்கறோம்."

அவர், "உன் கை ஆறற வரைக்கும் நான் வண்டி தள்ளறேன். எனக்கு மத்தியான டூட்டியா மாத்திக்கறேன். காலையில சும்மாதான் இருப்பேன்" என்றார்.

"உங்களுக்கு வராதுண்ணே."

"நீ கத்துக் கொடு."

சிட்டு சிரித்துவிட்டாள். மறுநாள் அவள் கட்டுப் போட்ட கையோடு கூடவே நடந்து வந்து, எந்த வீட்டில் எந்த மணிக்குக் கதவு திறக்கும், எந்த வீட்டு நாய் சக்கரத்தைக் கடிக்கும் என்று சொல்லிக் கொடுத்தாள். கண்டக்டர் காக்கிச் சட்டையோடு வண்டியைத் தள்ளினார். முதல் நாள் தலையைக் குனிந்தபடி தள்ளினார். மூன்றாம் நாள் பழக்கதோஷம் மேலே வந்துவிட்டது.

"அஞ்சாவது தெரு, அஞ்சாவது தெரு. ஈரம் முன்னாடி, காய்ஞ்சது பின்னாடி. கதவை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க. பிளேடு, ஊசி, கண்ணாடியெல்லாம் தனியாக் காகிதத்துல சுத்திச் சில்லறையா வெச்சுக்கங்க. ஏறுங்க, ஏறுங்க, அடுத்த வண்டி நாளைக்குத்தான்."

ஜன்னல்கள் திறந்தன. வாத்தியார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரு பச்சை, ஒரு நீலம் கொடுங்க" என்று டிக்கெட் கேட்பதுபோல் கேட்டார். இரண்டு வாரத்தில் சிட்டுவின் கை ஆறிவிட்டது. அவர் நிறுத்தவில்லை. காலை டூட்டி இல்லாத நாளெல்லாம் வந்தார்.

வாளியக்கா இன்றைக்கும் கண்ணை மூடினால் வருவது அந்த இரண்டு வருஷத்துக் காலைகள்தான். ஏழு தெருவும் முடித்து ஒன்பது மணிக்கு மோட்டார் அறைக்குத் திரும்புவார்கள். பிளாஸ்டிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு வட்டமாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். தொட்டியைக் கிளறும்போது ஆவி எழும். மழை விட்ட பிறகு மண்ணிலிருந்து வருமே, அந்த வாசனை. யாராவது ஒருவர் அன்றைக்குக் குப்பையில் கிடைத்த அதிசயத்தைக் காட்டுவார்கள்: ஒற்றைக் கொலுசு, பல்செட்டு, படிக்காமல் தூக்கிப் போட்ட கல்யாணப் பத்திரிகைக் கட்டு. பல்செட்டுக்கு உரியவர் மறுநாள் வாயைப் பொத்திக்கொண்டு வந்து வாங்கிப் போனதைக் கண்டக்டர் நடித்துக் காட்டுவார். சிட்டுவுக்கு டீ புரையேறிவிடும். அப்போது அது வெறும் வேலை நாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த வட்டத்திலிருந்து லாரி ஏறிய எடை பாதிக்குக் கீழே போனது. கான்ட்ராக்டர் சும்மா இருப்பாரா? வாளியக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. 'நகராட்சிக்குச் சொந்தமான கழிவுப் பொருட்களைத் தொழிலாளர்கள் அனுமதியின்றி விற்பனை செய்ய உடந்தையாக இருந்ததன் மூலம், ஒப்பந்ததாரர் அகற்றும் எடை பாதிக்கு மேல் குறையக் காரணமானதற்கு' விளக்கம் கேட்டிருந்தார்கள். தெருவில் கிடந்தவரை குப்பை அநாதை. நாலு பேருக்கு அதில் பிழைப்பு வந்ததும் அது அரசாங்கச் சொத்தாகிவிட்டது.

பதில் எழுத வாத்தியார் உதவினார். "இந்தச் சொத்தை இத்தனை வருடங்களாகக் கிடங்கில் கொட்டி எரியவிட்டவர்களுக்கு அனுப்பிய மெமோவின் எண்ணைத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி போட்டார். வாளியக்கா சிரித்துக்கொண்டே அதை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு வருஷ ஊதிய உயர்வு நின்றது. அது அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. விற்பனையையும் நிறுத்தச் சொன்னார்கள். அதுதான் வலித்தது.

வேறெங்கும் தொடாமல் அந்த ஒரு ஆணியைப் பிடுங்கியதும் எல்லாம் ஆடிப்போனது. தொழிலாளர்கள் ஒருத்தர் இருவராகப் பிரிப்பதை விட்டார்கள். சிட்டு ஒரு நாள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மனசு இருக்குக்கா. ஆனா மனசைக் கொண்டு போய்க் கொடுத்தா கடையில ஸ்கூல் பை தர மாட்டேங்கறான்." போர்டில் ஏழும் எட்டும் இருந்த இடத்தில் மூன்று, நாலு என்று எழுத வேண்டி வந்தது. பொய்யாக எட்டுப் போட அவளுக்குக் கை வரவில்லை. ஒரு கட்டத்தில் சாக்பீஸை எடுத்துப் போவதையே நிறுத்தினாள்.

கண்டக்டர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். "காலியா இருந்தாலும் வண்டி டிரிப் அடிச்சாத்தான் ரூட்டு நிக்கும். ஒரு தடவை ரூட்டை எடுத்துட்டா திரும்ப வராது" என்பார். அவர் தள்ளிய ஒரே வண்டியால் ஒரே ஒரு தொட்டியில் மட்டும் கம்பி சுட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கோடையில் குப்பைக் கிடங்கு தீப்பிடித்தது. வருஷா வருஷம் புகைவதுதான். இந்த முறை பதினோரு நாள் எரிந்தது. ஊர் முழுக்கக் கரும்புகை. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். மேலிடத்திலிருந்து பெரிய ஆட்கள் வந்து, குப்பையைக் குறைக்க இந்த ஊரில் எங்கேயாவது ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். அலமாரியைக் குடைந்ததில் கிடைத்தது ஒரே ஒரு காகிதம். ஒரு வட்டத்தில் எடை பாதிக்கு மேல் குறைந்தது என்று நகராட்சியே முத்திரை குத்தி எழுதியிருந்த காகிதம். வாளியக்காவுக்கு வந்த மெமோவின் நகல்.

ஆபீசர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், முதல் முறையாக.

"அம்மா, நீங்க என்ன செஞ்சீங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதிக் கொடுங்க."

"ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கேன் சார். மெமோவுக்குப் பதிலா."

அவர் கண்ணாடிக் குண்டைத் தேடினார். பிறகு, "அதையே அனுப்பிடலாம்" என்றார்.

அடுத்த டெண்டரில் டன் கணக்கு போயிற்று. எத்தனை வீட்டில் பிரித்து வாங்குகிறார்களோ அத்தனைக்குத்தான் காசு என்று வந்தது. வண்டியில் இரண்டு அறை கட்டாயம் ஆயிற்று. காய்ந்த சரக்கு தொழிலாளர்களுக்கு என்பதும் அச்சில் ஏறியது. அதே கான்ட்ராக்டர்தான் அதையும் எடுத்தார்; இப்போது அவருடைய ஆட்கள் வீடு வீடாக வந்து, பிரிச்சுக் கொடுங்கம்மா என்று கெஞ்சினார்கள். காற்று அடிக்கிற பக்கம் மனிதன் எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறான் என்று வாளியக்கா ஆச்சரியப்பட்டாள். நிறுத்தி வைத்த ஊதிய உயர்வைத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்த மனு மட்டும் அவள் ஓய்வு பெறுகிறவரை பரிசீலனையில் இருந்தது.

எல்லா வட்டமும் ஏழு தெருவாகிவிடவில்லை. சில இடத்தில் ஒட்டியது. சில இடத்தில் வாளிகள் அரிசிக்கே போயின. கண்டக்டர் ஓய்வு பெற்ற பிறகும் முழங்கால் விட்டுக் கொடுக்கிறவரை வண்டியோடு நடந்தார். அவள் பணி முடிந்த இரண்டாம் வருஷம், ஒரு சாதாரணக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். கூட்டிப் பெருக்கிய கையோடு சாவுக்கு வந்து நின்றவர்களில் பாதிப் பேர் அவரை முதன்முதலில் பஸ்ஸில் பார்த்தவர்கள், மீதிப் பேர் குப்பை வண்டியில் பார்த்தவர்கள். வாளியக்கா ஊரின் மறுகோடியில் மகள் வீட்டுக்குக் குடிபோனாள்.

போன மாதம் ஓய்வூதியச் சான்று கொடுக்கப் பழைய பக்கம் வர வேண்டியிருந்தது. வேலை முடிந்ததும் கால் தானாக அந்தத் தெருக்களுக்குப் போயிற்று. கணக்கு வாத்தியார் வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருந்தார்கள். ஆறாவது தெருவில் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் மறுபடி ஒரு மேடு. ஐந்தாவது தெரு சுத்தமாக இருந்தது. போர்டுகள் ஒன்றையும் காணோம். மோட்டார் அறைக்குப் பெயிண்ட் அடித்துப் பூட்டுப் போட்டிருந்தார்கள். வேலி வழியாக எட்டிப் பார்த்தாள்; தொட்டிகள் பத்தாகியிருந்தன.

வெயிலில் தலை சுற்றுவதுபோல் இருக்கவே, பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு, காலி அட்டையை அங்கே நின்றிருந்த பேட்டரி வண்டியில் போட்டாள். வண்டியில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

"பெரியம்மா, அது ஈரப் பக்கம். மாத்திரை அட்டை இந்தப் பக்கம் போடணும்" என்றாள் அவள். "பார்த்தா விவரமானவங்க மாதிரி இருக்கீங்க. ஒரு நிமிஷம் நின்னு பார்த்துப் போடக் கூடாதா? அப்புறம் நாங்கதானே கையை விட்டு எடுக்கணும்."

"தப்புத்தாம்மா" என்றாள் வாளியக்கா. "கண்ணு சரியாத் தெரியல."

அந்தப் பெண் கையுறையை மாட்டிக்கொண்டு அட்டையை எடுத்து மறுபக்கம் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வாளியக்கா அது தெருக்கோடி திரும்புகிறவரை நின்று பார்த்தாள். அப்புறம் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.